சவரப் பிரஷும் செக்கச்சிவந்த வெண்டைப்பூவும்

நுரைக்காரர் என்றால் அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சலூன் வைத்திருந்தார். மற்றவர்கள் கன்னத்தில் நுரை தடவுவார்கள். இவர் கையில் சிக்கிய முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும்தான் மிஞ்சும். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "கடையில கூட்டமா இருந்துச்சு" என்பார், என்னவோ போகிற வழியில் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

கடைக்கு மேலே ஓர் அறை, அதற்கு மேலே மொட்டை மாடி. மாடி முழுக்க வெண்டைச் செடிகள். பழைய பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, ஊறவைத்த விதையை ஒரு விரற்கணு ஆழத்தில் புதைப்பார். அசுவினிப் பூச்சி வந்தால் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற அதே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை நிரப்பி அடிப்பார். காய்க்கத் தொடங்கிவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். கொஞ்சம் அசந்தால் காய் முற்றி விறகாகிவிடும், செடியும் வேலை முடிந்ததென்று பூப்பதை நிறுத்திவிடும். முழங்கையெல்லாம் சுணை அரிக்க அரிக்க அவர் பறித்துக்கொண்டே இருந்தார். தனியாளுக்கு எத்தனை காய்தான் செல்லும்?

பக்கத்து மாடி டிரைவிங் டீச்சருடையது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நாற்பத்தெட்டு வயது, அவருக்கும் தனி வாசம். பிரேக்கை மறந்தவனை அவர் திரும்பிப் பார்த்தாலே வண்டி நின்றுவிடும் என்பார்கள். இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிரம்மில் டீச்சரின் ஒற்றைச் செம்பருத்தி, வாயாடிப் பிள்ளைகள் நாக்கை நீட்டுவது போல மகரந்தத் தண்டை நீட்டிக்கொண்டு பூத்து நிற்கும்.

பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் டீச்சர் சுவரோரம் வந்து நின்றார்.

"மாவுப்பூச்சி உங்க செடியிலேருந்துதான் என் செம்பருத்திக்கு ஏறியிருக்கு."

நுரைக்காரர் விதைக் கடைக்கு ஓடினார். "ரெண்டும் ஒரே குடும்பம்ணே" என்றார் விதைக் கடைக்காரர். "பருத்தி, புளிச்சகீரை, பூவரசு எல்லாம் அதுல சேர்த்தி. ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணுக்கும் வரும்."

பூச்சிக்கு மருந்து கேட்கப் போனவர் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே குடும்பம் என்றால் சேர்த்து வைக்கலாமே. செம்பருத்தியின் சிவப்பை வெண்டைக்கு ஏற்றலாமே. மஞ்சளுக்குப் பதிலாகச் செக்கச்சிவந்த வெண்டைப்பூ, உலகத்தில் யார் வீட்டு மாடியிலும் இல்லாதது! அதை நீட்டியபடி டீச்சரிடம், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிடலாம். வெறுங்கையோடு போய்க் கேட்கிற விஷயமா அது? கேட்கிற துணிச்சல் தனக்கு இல்லாததை அவர் பூவின் தலையில் கட்டினார் என்பதுதான் உண்மை. ஆனால் அப்போது அதைச் சொன்னால் அடிக்க வந்திருப்பார்.

மறுநாளே வேலை தொடங்கியது. புத்தம் புதிய சவரப் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டார். வெண்டைப்பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும், ஆகவே விடிந்ததும் விடியாததுமாகச் சுவரில் குப்புறத் தொங்கி, செம்பருத்தியின் மகரந்தத் தூளைப் பிரஷில் ஒற்றி, திரும்பி வந்து வெண்டைப்பூவுக்குள் பதவிசாகத் தடவுவார். பழக்கதோஷத்தில் இடது கன்னம், வலது கன்னம் என்று சுற்றிச் சுற்றித் தடவுவார்.

காய் பிடித்தது! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "ஒருத்தவங்களுக்குக் குடுக்கறதுக்கு ஒண்ணு தயாராகுது, யாரும் பார்த்திருக்க மாட்டீங்க" என்று புதிர் போட்டார். காயை முற்றவிட்டு, வெடிக்கிற பதத்தில் விதை எடுத்து, அடுத்த பருவத்துக்கு விதைத்தார். நடுநடுவே மற்றச் செடிகளில் பறித்ததைப் பை பையாகச் சுவர் மேல் வைத்தார். டீச்சரும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதுச் செடியில் மொட்டு பருத்தது. அது விரிகிற காலையில் டீக்கடைக்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்தது. அதற்கு மேல் நுரைக்காரரால் தாங்க முடியவில்லை. "இருப்பா, வந்துடறேன்" என்று கத்தியை மடக்கிவிட்டு மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினார்.

பூ விரிந்திருந்தது. மஞ்சள். எல்லா வெண்டைக்கும் இருக்கிற அதே மஞ்சள். நுரைக்காரருக்கு அழுகை வந்துவிட்டது.

"மஞ்சளாத்தான் பூத்துதா, சலூன்காரரே?"

சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன பருவம் பூராவும் தினமும் விடியக்காலையில என் செம்பருத்திக்குச் சவரம் பண்ணிட்டு இருந்தீங்களே. புத்தி பிசகிருச்சோன்னு விதைக் கடையில போய் விசாரிச்சேன். அவர் சிரிச்ச சிரிப்புல தராசு ஆடுச்சு. வெண்டைப்பூவுல ஆணும் பொண்ணும் ஒரே பூவுக்குள்ள இருக்காம். நீங்க பிரஷைத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள அது தன் காரியத்த முடிச்சுக்குதாம். அப்படியே பிந்தினாலும் செம்பருத்தித் தூளு அங்க ஒட்டாதாம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. யாருக்காகன்னு ஊர்ல ஊகிச்சதும் காதுல விழுந்துச்சு. உங்ககிட்ட முடி வெட்டிக்கிறவங்கதான என்கிட்ட ஸ்டியரிங் பிடிக்கிறாங்க."

நுரைக்காரர் வாளியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். டீச்சர் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு வெண்டைக்கா பிடிக்காது. சின்ன வயசுலேருந்தே அந்த வழவழப்பு ஆகாது."

"அப்போ இத்தனை நாளா வச்சதெல்லாம்?"

"லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு ஆளுக்கு ஒரு பை."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

"சொன்னா சுவரோரம் வர்றத நிறுத்திடுவீங்களே."

இது அவர் மண்டைக்குள் இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. இறங்கியதும் மாடி, வாளிகள், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் கிறுகிறுவென்று சுற்றின. பின்னால் படிக்கட்டுக் கதவில் டீக்கடைக்காரர், ஒரு கன்னம் வழவழப்பும் மறு கன்னம் வெள்ளையுமாக வந்து நின்றார்.

"அண்ணே, நுரை காஞ்சு போச்சு."

"செத்த இருப்பா. நானே முப்பது வருஷமா காத்துட்டிருக்கேன்" என்றார் நுரைக்காரர், திரும்பாமலே. பிறகு, கையில் எதுவும் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "டீச்சர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

டீச்சர் வண்டியைத் திருப்பும் முன் பின்னால் பார்ப்பது போல ஒருமுறை டீக்கடைக்காரரைப் பார்த்துக்கொண்டார்.

"கடைய எத்தனை மணிக்குச் சாத்துவீங்க?"

"பத்து ஆயிடும்."

"இனிமே ஏழு மணிக்குச் சாத்துங்க. ராத்திரி தனியா சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

டீக்கடைக்காரரின் மறு கன்னத்தை முடித்த கையோடு நுரைக்காரர் அன்று கடையைச் சாத்திவிட்டார். அப்போது காலை ஒன்பது மணிகூட ஆகியிருக்கவில்லை.