பாதி சமோசாவில் நிறுத்திய பெண்

இன்று சாயங்காலம் சிறுசேரியிலிருந்து கோவளம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தார். ஹவுஸ்கீப்பிங் சீருடை, என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். சமோசா சாப்பிட்டுக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தி, மீதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் ஒரு வருடமாக ஒவ்வொரு கவளத்தையும் கலோரி ஆப்பில் பதிவு செய்கிறவள். மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் அடுத்து எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்றே மனம் ஓடும். சமோசாவைத் தொட்டேன் என்றால் நான்கு காலியாகும். பாதி என்பதே எனக்குப் புதிது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஏன் நிறுத்திட்டீங்க? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்க்கா கீது. போதும்னு தோணுச்சு."

"போதும்னு எப்படித் தெரியும்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா இப்படிக் கேக்குற? ஒண்ணுக்கு வந்தா எப்படித் தெரியுது? அது மாரிதான்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ மீதி?"

"பசிச்சா துன்னுவேன்."

வீட்டுக்கு வந்து, ஆப்பைத் திறக்காமல் தோசை சுட்டேன். இரண்டு சாப்பிட்டதும் வயிற்றைக் கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவதில் பாதி போனபோது உள்ளே மெல்ல ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன்.

இதை எழுத உட்காரும்வரை அந்த மீதித் தோசை என் நினைவுக்கே வரவில்லை. ஒரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

உங்களுக்கெல்லாம் 'போதும்' எங்கே கேட்கும்? வயிற்றிலா, தொண்டையிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குக் கேட்டது வெறும் ஏப்பமாகவும் இருக்கலாம்.