தண்ணீர் கூடிப்போச்சாம்

புங்குடுதீவில் தண்ணீர் கூடிப்போச்சு என்று நான் அறிய முதன்முதலாக முறைப்பாடு சொன்னது எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெசின்தான். குடிதண்ணீருக்காகப் பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டு ஒழுங்கை முகப்பில் வாளியோடு நிற்கிற ஊர் அது. கிணறுகள் இருக்கின்றன, பெரும்பாலும் உவர். அப்படிப்பட்ட ஊருக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகாத மெசின், கீக் கீக்கென்று கத்தி, முகத்தில் இரண்டு சிவப்பு இங்கிலீசு எழுத்தைக் காட்டி, உள்ளே தண்ணீர் அளவுக்கு மிஞ்சிவிட்டது, இனி ஏலாது என்று நின்றுவிட்டால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கூடினதை இஞ்சால ஒரு வாளி ஊத்தச் சொல்லன்" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மாமிமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மெசினை அனுப்பியவர் அப்பா. அவர் கட்டாரில் பவுசர் ஓட்டினார். பாலைவனத்து முகாம்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. போன லீவில் வந்து நின்றபோது அம்மாவின் கையைப் பார்த்துவிட்டார். உவர்த்தண்ணீரிலும் சவுக்காரத்திலும் ஊறி ஊறி உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது. சோறு பிசையும்போது எரியும் என்று அம்மா கரண்டியால்தான் சாப்பிடுவார், கேட்டால் அதுதான் நாகரிகம் என்பார். அப்பா அந்தக் கரண்டியையும் பார்த்தார். திரும்பிப் போன பிறகு, யாழ்ப்பாணத்துக் கடையொன்றிலிருந்து மெசின் லொறியில் வந்து இறங்கியது. கூடவே போனில் ஒரு கட்டளையும் வந்தது. மெசினுக்கு உவர்த்தண்ணீரைக் காட்டவே கூடாது, உள்ளெல்லாம் உப்புப் படிந்துவிடும். நல்லகாலம், அது மாரி. கூரைத் தண்ணீர் பீலி வழியே வந்து விழுகிற மழைத்தொட்டி எங்கள் வீட்டில் நிறைந்து கிடந்தது. அதை மேல்தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து மெசினுக்குப் பைப்புப் போட்டோம்.

இனி அந்தப் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீடியோவில் எடுப்பார். பாவம், இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். பிள்ளை படிக்கிறாளோ?"

"ஓம்."

பிறகு ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்குப் பின்னால் இரும்புக் கட்டில்களும், யாரோ காயப்போட்ட சாரமும் தெரியும். "அப்ப வைக்கட்டோ?" என்பார். "வையுங்கோ" என்பார் அம்மா. வைத்த பிறகும் கறுத்துப்போன திரையைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் குசினிக் கதிரையிலேயே இருப்பார். எனக்கு அந்த நேரம் வயிற்றை என்னவோ செய்யும். காரணம் தெரியாது. பசியாக்கும் என்று நினைத்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிடுவேன்.

மெசின் பழுதானதும் இந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. அப்பா அந்த மெசினின் புத்தகத்தைத் தன் போனில் தேடி எடுத்து, இரவிரவாக வாசித்துவிட்டு வந்து பாடம் நடத்தத் தொடங்கினார். போனைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. "மெசினை நிப்பாட்டிப்போட்டுத் தண்ணிப் பைப்பைத் திறவும். இப்ப மெசினுக்குள்ள தண்ணி ஏறுதோ பாரும்." ஏறவில்லை. அப்படியென்றால் தண்ணீரை மறிக்கிற வால்வில் பிழையில்லை. மறுநாள் கீழே குப்பையை மறிக்கிற வடியைக் கழற்றச் சொன்னார். அதற்குள் ஒரு சேட்டுப் பொத்தான் கிடந்தது. அம்மா அதை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"அது என்ர நீலச் சேட்டின்ர பொத்தானெல்லோ?" என்றார் அப்பா. "நான் தோய்ச்சு மடிச்சு வைச்சிட்டெல்லோ வந்தனான்? அதையேன் திரும்பத் தோய்க்கப் போட்டனீர்?"

"அலுமாரிக்குள்ள கிடந்து மணக்கத் தொடங்கீட்டுது" என்றார் அம்மா. சேட்டில் ஒரு மணமும் இருக்கவில்லை. அம்மா அதை முகத்தில் வைத்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். ஆனால் பெரியாட்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மெசினுக்குச் சொல்கிற மெல்லிய பைப்பின் முறை. அதற்குள் ஏதும் அடைத்திருக்கும், ஊதிப் பாரும் என்றார் அப்பா. அம்மா மெசினுக்குப் பின்னால் குந்தியிருந்து, இரண்டு கன்னமும் உப்ப ஊதினார். அப்பா சிரிக்கத் தொடங்கினார். "என்ன சிரிப்பு? நீங்கள் வந்து ஊதுங்கோவன்!" என்று அம்மா சீறவும், அவருக்கு இன்னும் சிரிப்பு. அந்தச் சின்னத் திரையில் அப்பா அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. எனக்குக் கை கடுத்தது, ஆனாலும் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று யாரும் "வைக்கட்டோ" என்று கேட்கவில்லை. போனின் சார்ஜ் தீர்ந்து தானாக நின்றது.

இதையெல்லாம் கெடுத்தவர் பெரிய மாமா. அம்மாவின் தமையன், பக்கத்துத் தீவில், சரவணையில் இருப்பவர், பழுதென்று கேள்விப்பட்டால் ஸ்பானரோடு வந்துவிடுவார். வந்து, மெசினின் முதுகைக் கழற்றி, மூக்கை நுழைத்து, "இது நிலமட்டம் பிழை" என்று ஒரு பக்கத்துக்குப் பலகைத் துண்டை முட்டுக் கொடுத்தார். மெசின் திரும்பவும் கத்தியது. பலகையை மற்றப் பக்கத்துக்கு மாற்றினார். இன்னும் பலமாகக் கத்தியது. மாமா தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், கையிலிருந்த கிரீஸைக் கழுவலாமென்று மழைத்தொட்டிப் பைப்புக்குப் போனார். சவுக்காரம் போட்டார், கழுவினார், இன்னும் கழுவினார்.

"என்னடா கோதாரி இது? வழுக்கிக்கொண்டே இருக்கு, சவுக்காரம் போகுதேயில்லை!"

பிறகு அப்படியே நின்றார். மெசினின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளே உடுப்பே தெரியவில்லை, வெறும் நுரை.

"தங்கச்சி, சவுக்காரத்தூள் எவ்வளவு போடுறனி?"

"எப்பவும் போடுறதுதான் அண்ணை. மூண்டு பிடி."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். உவர்த்தண்ணீரில் மூன்று பிடி போட்டால்தான் பேருக்காவது நுரை வரும். அம்மாவின் கைக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். மழைத்தண்ணீருக்கு ஒரு கரண்டியே காணும். மூன்று பிடி விழுந்ததும் நுரை பொங்கி எல்லாவற்றையும் நிரப்ப, மெசின் அதைத் தண்ணீரென்று நினைத்துப் பயந்து கத்தியிருக்கிறது. மாமா ஒரு கரண்டியை ஆணியில் தொங்கவிட்டார். ஒரு கரண்டி போட்டோம், மெசின் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடி முடித்தது. நான் கைதட்டினேன். அம்மா மாமாவுக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனவர், வர நேரமெடுத்தார்.

அன்று பின்னேரம் அப்பாவுக்குச் செய்தியை நான்தான் சொன்னேன். "அப்பிடியோ? நல்லது, நல்லது" என்றார். பிறகு, "சாப்பிட்டனீரோ?" என்றார். "ஓம். நீங்கள்?" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. அம்மாவின் கை மட்டும் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. நான் திரும்பவும் பிஸ்கட் பேணியைத் தேடத் தொடங்கினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவுக்கு ஓய்வு நாள். பின்னேரம் மெசின் கத்தியது. நான் ஓடிவர முதல் அம்மா போனை எடுத்துவிட்டார். மற்ற நாளில் அப்பா எடுக்கும்வரை காத்திருக்கிறவர், அன்று தானே எடுத்தார்.

"இஞ்சருங்கோ, திரும்பவும் தண்ணி கூடிப்போச்சு எண்டு கத்துது."

போனை என்னிடம் தந்தார். முகம் நன்றாக இருந்தது, தலைகூட வாரி இழுத்திருந்தார். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். முட்ட நுரை. ஆணியில் கரண்டி காய்ந்தபடி தொங்கியது. அம்மாவின் கையைப் பார்த்தேன். ரேகைக்குள்ளெல்லாம் வெள்ளைத் தூள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தரம் சொல்லியாயிற்று!

"அப்பா, இது அம்மாவின்ர வேலை! கரண்டியைத் தொடாமல் பிடியால அள்ளிப் போட்டிருக்கிறா! கையைப் பாருங்கோ!"

அம்மா கையைச் சீலைக்குள் மறைத்தார். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டார். அப்பா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். சரியாகத் தெரியவில்லையாக்கும் என்று நான் போனை உயர்த்திப் பிடித்தேன்.

"நீ சும்மா இரு பிள்ளை" என்றார் அப்பா. "அது சவுக்காரமாய் இராது. அண்டைக்கு ஊதின பைப்பாத்தான் இருக்கும். நீர் மெசினுக்குப் பின்னால போய் இரும். ஆறுதலாப் பாப்பம். எனக்கு இண்டைக்கு ஒரு வேலையுமில்லை."

"இல்லையப்பா, மாமா சொன்னவர்..."

நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு மெசினுக்குப் பின்னால் போய் நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலியைத் தாண்டி மாமி வீட்டுக்குப் போய், எங்கள் அப்பாவுக்கு மெசினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அறிவித்தேன். நடந்ததை முழுவதும் கேட்ட மாமி, வழக்கம்போல நையாண்டி பண்ணவில்லை. "உது கெதியில திருத்தேலாத பழுது பிள்ளை" என்றார். "நீ இஞ்ச இருந்து புட்டுச் சாப்பிட்டிட்டுப் போ."

இருட்டுப்பட வீட்டுக்கு வந்தேன். நுரை அடங்கியிருந்தது. சிவப்பெழுத்தும் அணைந்து, மெசின் ஒரு குறையுமில்லாமல் நின்றது. அதற்குப் பின்னால் அம்மா இன்னும் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பழுதாம்?" என்று கேட்டேன்.

"இன்னும் பிடிபடேல்லை" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டு. போனுக்குள்ளிருந்து அப்பாவும் சிரித்தார். இவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு சின்னப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாத இரண்டு பேருக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டேனே என்று எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.