ஜன்னலை மூட முடியாத அறைக்கு ஒரு டிவி

1. பஸ் தெரிகிறது

சிதம்பரம் கிளையிலிருந்து வந்த புகார் ஒரே வரிதான்: "கஸ்டமர் டிவியில் டவுன் பஸ் போகிறது."

கடலூரில் ஒரு ஷோரூமில் டிவி பிரிவு என் பொறுப்பு. கோடு விழுகிறது, சத்தம் வரவில்லை, உள்ளே பல்லி போய்விட்டது என்று எல்லாப் புகாரும் கேட்டிருக்கிறேன். பஸ் புதிது. கஸ்டமருக்கே போன் செய்தேன்.

அவர் பெயர் ஸ்டெல்லா. தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறார். வேறு வருமானம் இல்லை. பாடத்தை லேப்டாப்பிலிருந்து பெரிதாகக் காட்டலாம் என்று எங்கள் கிளையில் ஐம்பத்தைந்து இன்ச் டிவி வாங்கியிருந்தார்.

"சார், உங்க டிவில பாடத்தத் தவிர எல்லாம் தெரியுது. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸு போவுது. எதிர்க்க டீக்கடைல யாரு வடை சாப்புடுறான்னு தெரியுது. பசங்க இவ்ளோ அமைதியா ஒக்காந்து நான் பாத்ததே இல்ல."

முன்னறை மேற்குப் பார்த்தது. தெருப்பக்கம் ஒரு கதவும் இரண்டு பெரிய ஜன்னல்களும். டிவி மாட்ட இருந்த ஒரே சுவர் அவற்றுக்கு நேர் எதிரே. டியூஷன் நேரம் மாலை. வெயில் சாய்ந்து உள்ளே வரும்போது திரை ஒரு நிலைக்கண்ணாடி.

சர்வீஸ் இன்ஜினியர் போய்ப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதினார்: "பேனல் ஓகே. வெளிச்சம் அதிகம்." அதாவது டிவிக்கு வாரண்டி உண்டு, சூரியனுக்குக் கிடையாது.

2. இருட்டறை வியாபாரம்

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிவியை நாங்கள் இருட்டில்தான் விற்கிறோம். டெமோ ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சுவருக்குக் கருப்பு பெயின்ட். எல்லா டிவியும் நிறத்தைக் கூட்டிக் காட்டும் விவிட் மோடில் ஓடும். ஒரு கிளி சிறகை விரிக்கும், ஒரு அருவி கொட்டும், யாரோ சாக்லேட்டை உருக்கி ஊற்றுவார்கள். அந்தக் கிளியைப் பார்த்து மயங்காத குடும்பம் கடலூர் மாவட்டத்தில் இல்லை. கிளியை வீட்டுக்குக் கொண்டுபோய் ட்யூப்லைட்டுக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் மாட்டியபிறகு அது என்ன ஆகும் என்பது எங்கள் பிரிவின் வேலை இல்லை.

பளபளப்பான கிளாஸி திரையில் கருப்பு நல்ல கருப்பாக இருக்கும். எதிரே உள்ளதெல்லாம் அப்படியே பிரதிபலிக்கும். மேட் ஃபினிஷ் திரை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எதிரே உள்ளது உருவமாகத் தெரியாது, ஆனால் கருப்பு கொஞ்சம் வெளுக்கும். இருட்டறையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஜெயிப்பது எது என்று சொல்லத் தேவையில்லை. எங்களிடம் ஒரே ஒரு மேட் திரை டிவி இருந்தது. "இது என்னா சார், பழசா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் கிளிக்குத் திரும்பிவிடுவார்கள்.

எது கூசும், எது கூசாது என்று தெரிந்துகொள்ள எளிய வழி, டிவியை ஆஃப் செய்து எதிரே நிற்பது. அது எங்கள் கடையில் தடைசெய்யப்பட்ட செயல். ஓனர் இதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தார்.

"ஆஃப் பண்ண டிவி பொணம் மாதிரிய்யா. பொணத்தக் காட்டி எவன் யாவாரம் பண்ணுவான்?"

3. பெருந்தன்மை

ஸ்டெல்லா டீச்சரின் புகாரை ஓனரிடம் சொன்னேன். அவருக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

"நல்ல தடிமனா ஒரு கர்ட்டன் வாங்கி மாட்டி வுடு. நம்ம செலவு. சந்தோஷமா இருக்கட்டும்."

மெரூன் நிறத்தில் கர்ட்டன் போனது. பஸ் மறைந்தது. பாடம் தெரிந்தது. இப்படிப்பட்ட சேவை வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது என்று ஓனர் ஒரு வாரம் வருவோர் போவோரிடம் எல்லாம் சொன்னார்.

அந்த வாரத்திலேயே டீச்சர் மறுபடியும் போன் செய்தார். "டிவி சூப்பரா தெரியுது சார். பாக்கத்தான் ஆளு இல்ல."

அந்தத் தெருவில் டியூஷன் என்றால் கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணைப் படிக்க அனுப்பும் அப்பா, பைக்கை நிறுத்தாமலே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக முடிய வேண்டும். தன் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் யார், என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் அடங்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். கர்ட்டன் விழுந்ததும் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு மாமா வீட்டு விசேஷம், மூன்றாமவளுக்கு வீட்டிலேயே படித்தால் நன்றாகப் புரிகிறதாம். மூன்று பேரும் அடுத்த தெருவில், கதவே இல்லாத ஒரு ஷெட்டில் நடக்கும் டியூஷனில் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சரின் பேட்ச்சில் பாதிக்கு மேல் பெண்கள். அக்கா நின்றால் பின்னால் வரவேண்டிய தம்பியும் வரமாட்டான். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பேட்ச் கலைந்தால் அடுத்த வருடம் பேட்ச் கிடையாது.

"கர்ட்டனக் கழட்டினா பஸ்ஸு வருது. போட்டா புள்ளைங்க போவுது. நீங்களே சொல்லுங்க, எத வெச்சிக்க?" என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. அது டெமோ ரூம் மூலையில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரில் வந்து பார்க்கச் சொன்னேன்.

4. தரையில் உட்கார்ந்த கஸ்டமர்

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டமான நேரத்தில் டீச்சர் வந்தார். ஓனரே எழுந்து வந்து வரவேற்றார்.

"மேடம், இந்த மாடல் பாருங்க. ப்ரைட்னஸ் ஜாஸ்தி. வெயிலே தோத்துரும்."

"வாசலுக்குக் கொண்டாங்க சார்."

"எதுக்கு மேடம்? உள்ள ஏசி இருக்கு."

"எங்க வீட்டுல வெயில்தான் இருக்கு."

ஸ்டாண்டோடு மூன்று டிவிகளை வாசல் கண்ணாடிக் கதவுப் பக்கம் தள்ளிவந்தோம். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சேர் போடப் போன பையனைக் கையமர்த்தினார். "எம் பசங்க தரையிலதான் ஒக்காருவாங்க. அவுங்க கண்ணுக்குத் தெரியணும். இப்ப ஆஃப் பண்ணுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டைப் பார்த்தேன். மூன்றையும் ஆஃப் செய்தேன்.

முதல் டிவியில் ஓனர் முழு உருவமாக நின்றார், சட்டைப் பை பேனாவோடு.

"நீங்க நல்லா தெரியுறீங்க சார்" என்றார் டீச்சர்.

இரண்டாவது டிவியில் கூசாமலிருக்க ஒரு கோட்டிங் உண்டு. அதில் ஓனர் ஊதா நிறத்தில் நின்றார்.

"இதுலயும் இருக்கீங்க. கொஞ்சம் ஒடம்பு சரியில்லாத மாதிரி."

மூன்றாவது, மூலையிலிருந்து வந்த மேட் திரை. வெளியே ரோடும் வெயிலும் சேர்ந்து ஒரு வெளிறிய திட்டாகத் தெரிந்தன. ஓனர் இல்லை. அதை ஆன் செய்து டீச்சரின் பென்டிரைவைப் போட்டோம். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து, கடைசி வரி வரை படிக்க முடிந்தது.

"மேடம், ஒளிக்காம சொல்றேன், அதுல கருப்பு கொஞ்சம் சாம்பலா தெரியும். ராத்திரி லைட்ட அணைச்சிட்டுப் படம் பாத்தா நல்லா இருக்காது" என்றேன் நான்.

"நான் படம் காட்டவா சார் வாங்குறேன்?"

பழையதை எடுத்துக்கொண்டு இதைக் கொடுக்கச் சொன்னார். ஓனருக்கு அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. "யூஸ் பண்ண டிவிய எப்பிடிம்மா திரும்ப எடுக்குறது?"

"யூஸே பண்ணல சார். பஸ்ஸு மட்டும்தான் பாத்தோம்."

அவருடைய வாதத்தால் ஓனர் இறங்கி வந்தார் என்று சொன்னால் பொய். இதற்குள் கடையிலிருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் டெமோ ரூமை விட்டு வாசலுக்கு வந்துவிட்டன. ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம், "மாமா, நாம எடுத்து வெச்சதயும் ஆஃப் பண்ணிக் காட்டச் சொல்லு" என்று ஆரம்பித்திருந்தார். ஓனர் அவசரமாக, "மேடத்துக்கு மாத்திக் குடுத்துடுப்பா, ரெகுலர் கஸ்டமரு" என்றார். டீச்சர் எங்களிடம் வாங்கிய முதல் பொருள் அந்த டிவி.

5. எதிர்ப்பக்கத்தில்

மாட்டுவதற்கு நானும் சிதம்பரம் போனேன். சாயும் பிராக்கெட் போட்டு, மேல்பக்கத்தைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்தோம். மிச்சமிருந்த வெளிச்சமும் தரைக்கு இறங்கியது. கர்ட்டனை டீச்சர் கழற்றி மடித்து என் கையிலேயே கொடுத்தார். மறுநாளே ஒருத்திக்குக் காய்ச்சல் குணமானது, இன்னொருத்திக்கு மாமா வீட்டு விசேஷம் முடிந்தது.

விற்பனைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை இன்ச் என்பதைக் கடைசியில் கேளுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், எந்த நேரத்தில் பார்ப்பார்கள், தரையிலா சேரிலா என்று முதலில் கேளுங்கள். டிவியை ஆஃப் செய்து, செல்போன் டார்ச்சை அதன்மேல் அடித்துக் காட்டுங்கள். ஜன்னலை மூடச் சொல்லும் முன், அது ஏன் திறந்திருக்கிறது என்று விசாரியுங்கள். கூசாத திரையைக் கொடுத்தால் அது யார் யாருக்குத் தெரியும் என்பதையும் யோசியுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். போனவர்களில் முதலில் திரும்பி வந்த பெண்ணின் அப்பா, உரக்கடை வைத்திருப்பவர், தினமும் மாலையில் எதிர் டீக்கடையில் நின்று காவல் பார்ப்பாராம். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே திரையில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஒருநாள் அறிவியலில் இனப்பெருக்கப் பாடம். படத்துடன். டீக்கடை மொத்தமும் கிளாஸைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ரோட்டைத் தாண்டி வந்து வாசலில் நின்றார்.

"டீச்சர், இந்தப் பாடம் வரைக்கும் அந்தப் பழைய டிவில நடத்தக்கூடாதா?"

"அதுல யாருக்கும் தெரியாதுங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"பரீட்சையில கேப்பாங்க. கர்ட்டன் வேணா போட்டுக்கட்டுமா?"

அவர் உள்ளே தன் பெண்ணைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பெண் மறுநாள் வரமாட்டாள் என்று டீச்சர் முடிவே செய்துவிட்டாராம்.

"வந்தாளா?" என்று கேட்டேன்.

"வந்தா சார். அவரும் வந்தாரு. டீக்கடைலதான் நின்னாரு, முதுகக் காட்டிக்கினு. அந்தப் பாடம் முடியற வரைக்கும் தெனமும் அப்பிடித்தான். நேத்து மின்னோட்டவியல் ஆரம்பிச்சேன். இந்தப் பக்கம் திரும்பிட்டாரு."