றஹீமா வரிசையாகப் போடவிடாத கதிரைகள்

றஹீமா மௌத்தாகிவிட்டார் என்று ஏறாவூரிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னார். பிற்பகலில் அடக்கம். போனேன். மூன்றாம் நாள் நினைவு மலர் தயாரிப்பவர்கள் அழைத்தார்கள். “சுனாமிக்குப் பிறகு அவ நடத்தின நல்லிணக்கக் கூட்டங்களால ரெண்டு சமூகமும் ஒண்டானத எழுதித் தாங்க டீச்சர்” என்றார்கள்.

எழுத மாட்டேன். அந்தக் கூட்டங்கள் தோற்றன. தோற்றதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே றஹீமாதான். அவரை அறிந்தவர்களே, அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

கடல் வந்துபோன அடுத்த வருடம் இருவரும் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவள். அவர் உளவியல் படித்தவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அடுத்தடுத்து இருந்த ஒரு தமிழ் ஊரும் ஒரு முஸ்லிம் ஊரும் தற்காலிகக் கொட்டில்களில் கிடந்தன. ஒரு காலத்தில் ஒன்றாகச் சந்தைக்குப் போன பெண்கள், இடையில் நடந்த கலவரங்களின் பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவர்களுக்காக ஆறு வார நல்லிணக்கப் பாடங்களை நான் எழுதினேன். ஒவ்வொரு வசனத்தையும் மூன்று முறை திருத்தினேன்.

முதல் வகுப்புக்கு முன் றஹீமா ஒரு வெற்றுத்தாளை நீட்டினார். “எதப் பாத்தா இது பிழைச்சுப் போச்செண்டு ஒத்துக்குவீங்க? இப்பவே எழுதுங்க டீச்சர். மறுகா எல்லாருக்கும் சாட்டு வந்திரும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுதினேன்: ஆறு வாரத்தின் பின்னும் பெண்கள் தாங்களாகவே இரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தால், பாடம் பிழை.

அதனால்தான் அவர் கதிரைகளை யாரும் வரிசையாகப் போட விடவில்லை. மண்டபத்தின் மூலையில் அடுக்கியபடியே கிடக்கும். வருகிறவர் தன் கதிரையை எடுத்து, விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். யார் எங்கே போடுகிறார் என்று றஹீமா பின்சுவரோரம் நின்று படம் வரைந்துகொள்வார். ஒப்பிட்டுப் பார்க்க, பாடமே நடக்காத இன்னொரு தமிழ் ஊரினதும் முஸ்லிம் ஊரினதும் பெண்களை வேறு கூட்டமொன்றுக்கு அழைத்து, அங்கும் அப்படியே வரைந்தார்.

ஆறாவது வாரம் நான் கேள்வித்தாள் கொடுத்தேன். எல்லோரும் “நம்பிக்கை மிகவும் கூடியது” என்பதற்கே புள்ளடி போட்டிருந்தார்கள். நான் பூரித்துப்போனேன். றஹீமா சிரித்தார்.

“ஒங்கட முகத்துக்கு முன்னால ஆரு டீச்சர் ‘இல்ல’ எண்டு போடுவாங்க? பாதிப் பேர் ஒங்களிட்டப் படிச்ச புள்ளைகள்.”

பிறகு தான் வரைந்த படங்களைப் பரப்பினார். முதல் வாரமும் ஆறாவது வாரமும் ஒன்றே. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகுமளவு வெற்றிடம். பாடம் நடக்காத ஊர்களிலும் அதே வெற்றிடம். முதல் வகுப்புக்கு முன் நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் எடுத்துக்கூடக் காட்டவில்லை. இரண்டு வாரம் நான் அவருடன் பேசவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் அவர் வேறொன்று தொடங்கியிருந்தார். கிணறுகளெல்லாம் உப்பாகிக் கிடந்தன. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் தமிழ்ப் பெண்களிடமும், அதற்குரிய குழாய்களை முஸ்லிம் பெண்களிடமும் கொடுத்துவிட்டு, பேச்சு எதுவும் இல்லாமல் ஒதுங்கி நின்றார். நான் பார்க்கப் போன நாளில் பெரிய சண்டை.

“என்னகா, குழாயத் தலைக்கு வச்சிப் படுக்கவா போறீங்க? இஞ்சால கொண்டாங்க!” என்று எங்கள் பக்கத்துத் தங்கம்மா கத்தினார்.

“பம்ப வச்சிரிக்கிற எடுப்பப் பாரு! குழாயில்லாம வாயாலயா உறிஞ்சப் போறீங்க?” என்றார் சல்மா.

தங்கம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மூன்று கிணறுகள் இறைத்தார்கள். நான் எழுதிய ஒரு வசனமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் சில கதிரைகள் கலந்தன. சில மட்டுமே. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது அவற்றிலும் சில பிரிந்திருந்தன. றஹீமா அதையும் எழுதினார். “கொஞ்சம் வேல செய்யிது. நல்லா வேல செய்யிதெண்டு சொல்ல எனக்கு வாய் வராது” என்றார்.

இரண்டு வருடத்தில் கிழக்கில் போர் முடிந்தது. வெல்லாவெளிப் பக்கம் சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பணிப்பாளருக்கு என் பாடங்களை எல்லா ஊருக்கும் கொண்டுபோக ஆசை. பாடம் என்றால் செலவு குறைவு, படம் எடுக்க அழகு. வெற்றி என்று ஓர் அறிக்கை வேண்டுமென்றார்.

“பலன் தராத மருந்த ஊரெல்லாம் குடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டன் சேர்” என்றார் றஹீமா. “மாசக்கணக்கா கொட்டிலுக்குள்ளயும் முகாமுக்குள்ளயும் கிடந்துட்டு வந்த சனம். அதுகளிட மத்தியானப் பொழுதையும் நாம வீணாக்கவா?”

பணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், ஒங்கட பாடம். நீங்க சொல்லுங்க.”

கூட்ட மேசையைச் சுற்றி என் பழைய மாணவர்கள் நால்வர் இருந்தார்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்த நாள் முதல் பிழை விட்டதாக நான் எவர் முன்னும் நின்றதில்லை. எழுந்தேன்.

“பாடம் நான் எழுதினது. அது பிழைச்சுப் போச்சு. றஹீமாட அறிக்கை சரி” என்றேன்.

அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டோம். அந்த மாதத்தோடு இருவருக்கும் வேலை போனது. வெளியே வந்ததும் றஹீமா, “நல்ல வேல பாத்தீங்க டீச்சர். வாங்க, பசிக்கிது” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பாடங்கள் வேறொருவர் கையெழுத்தோடு ஊர் ஊராகப் போயின. றஹீமா தானாகவே இன்னும் சில ஊர்களில் கிணறு இறைப்பித்து, பலித்ததையும் பலிக்காததையும் ஒரே மையால் எழுதிவைத்தார்.

இனிமையாகப் பேசி எல்லோரையும் சேர்த்துவைத்தவர் என்று அவரைப் புகழ வேண்டாம். சனங்களை மதித்தவர் அவர். அதனால்தான் அவர்களுக்குச் செய்வதைச் சோதித்துப் பார்த்தார். அவரால் எனக்குள் வந்து நிலைத்தது ஒன்று உண்டு: நிமிர்ந்து நின்று “என்னுடையது பிழை” என்று சொல்லும் துணிவு. மிகவும் பிந்தி வந்தது. எந்த மலருக்காகவும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.