பாஸ்வேர்டு வாங்க

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டது நான்தான். யாரும் போடச் சொல்லவில்லை. சிங்காநல்லூரில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதுதான். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து வாஷர், பேரிங் என்று அதில் தட்டித் தட்டி, கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்கிற எண்ணம் வந்துவிட்டது. மனைவி ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, அது நல்லாத்தானுங்க இருந்துச்சு?" என்றாள்.

அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அவள் இருபது வருடம் தமிழ் டீச்சராக இருந்தவள். நாங்கள் துடியலூர்ப் பக்கம் வீடு மாறியதில் பள்ளிக்கூடம் தூரமாகிப்போய், வேலையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகத் திருத்த நோட்டு இல்லாமல், கல்யாணப் பத்திரிகையிலும் மிக்சர் பாக்கெட்டிலும் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். ஒருநாள் கேஸ் சிலிண்டர் ரசீதில் ஒற்று போட்டுக் கொடுத்தாள். கொண்டு வந்தவர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "கையெழுத்துங்களா?" என்று கேட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை பற்றித் தெரியவந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாகத் தமிழ் சொல்லித்தர டீச்சர் வேண்டுமாம். புதன்கிழமை நான்கு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. அவளுக்கு அந்த வேலை வேண்டும். எதையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவள், "இது கெடச்சா நல்லாருக்குமுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்று நாள் முன்பே சேலைக்கு இஸ்திரி போட்டு பீரோவில் தொங்கவிட்டாள்.

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. செல்போனுக்குச் சிக்னலும் கிடையாது, பேச வேண்டும் என்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை. "நாலு பேரு சத்தத்துல இன்டர்வியூவா? நம்ம ஊட்டுலயே கனெக்சன் போட்டுபோட்டாப் போச்சு. நானிருக்கேனல்ல?" என்றேன். இந்த 'நானிருக்கேனல்ல' என்பதை அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தேன். பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். காலை பத்து மணிக்குக் கேபிள் டிவிக்காரர் மோடத்துடன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாக எங்கள் ஏரியாவின் தென்னை மரங்களில் எல்லாம் கேபிளைக் கட்டியவர். டிவிக்குப் போகும் கேபிளை வெட்டி, ஒரு பக்கம் டிவிக்கும் மறுபக்கம் மோடத்துக்கும் பிரித்துவிட்டார். மோடத்தில் நான்கு விளக்கும் எரிந்தன. அதிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினார். அது கழன்று விழுந்தது. மறுபடி சொருகினார். மறுபடி விழுந்தது.

"கிளிப்பு ஒடஞ்சிருக்குதுங்க. ஆட்டாம வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, ஸ்டார்ட் பட்டன் எங்கீங்க?"

"இது லினக்சுங்க," என்றேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"சாதாக் கம்ப்யூட்டரு இல்லீங்களா?"

"அதவிட நல்லதுங்க."

அவர் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு, ஒரு வார்த்தை இல்லாமல், நடந்து முடிந்தது.

"லைன் வந்திருச்சுங்க. யூசர் நேமு, பாஸ்வேர்டு போட்டா நெட்டு வந்துருமுங்க. அதெல்லாம் ஆபீஸ் வேலைங்க, எனக்குத் தெரியாது. போன் பண்ணிக் கேட்டுக்குங்க. வாரேனுங்க," என்று ஆபீஸ் போன் நம்பர் போட்ட கனெக்சன் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுச் செருப்பைப் போட்டார்.

"வாங்க," என்று மனைவி வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். எங்கள் ஊர் வழக்கம் அது. கிளம்புகிறவர் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அனுப்புகிறவர்களும் 'வாங்க' என்றுதான் அனுப்புவார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், எல்லோரும் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் போகவில்லை என்று நினைத்துக்கொள்வார். அன்று காலை இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. கவனித்திருந்தால் மதியம் அவ்வளவு அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

உடனே ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். செய்யவில்லை. பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகிற வழி லினக்ஸில் இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கருப்புத் திரையைத் திறந்து, கம்பெனியில் பார்த்த கட்டளைகளையெல்லாம் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அது வரிவரியாக ஏதோ பதில் சொன்னது. புரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். எதையாவது பிரித்து வைத்தால்தான் எனக்கு மூளை ஓடும், பம்ப்செட் புத்தி. உள்ளே தூசி இருந்தது. அதை ஊதினேன். அது முழுக்க மனைவியின் சாம்பார்ப் பாத்திரத்துப் பக்கம் போனது.

"அக்கட்டால போங்க," என்றாள்.

அன்று அவள் என்னிடம் சொன்னதெல்லாம் 'போங்க'தான். டீ வேண்டுமா என்று கேட்டேன், போங்க. கேமரா வேலை செய்கிறது பார் என்று அவள் முகத்தைத் திரையில் காட்டினேன், போங்க. இத்தனைக்கும் அந்தக் கேமரா ஒன்றுதான் அன்று வீட்டில் முரண்டு பிடிக்காமல் வேலை செய்தது. மதியம் இரண்டு மணிக்கு அவள் சேலை கட்டி, பொட்டு வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கை விரலால் மேசை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன்.

கேபிள் ஆபீசில் ஒரு பெண் எடுத்தார். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கொஞ்சம் நிற்கும். ஏறி நின்று கேட்டேன்.

"யூசர் நேமு உங்க கார்டுல இருக்கற நம்பருங்கண்ணா."

"செரிங்க. பாஸ்வேர்டு?"

"வாங்க."

"வரோணுங்களா?"

ஏதோ கரகரவென்று சத்தம். அதற்குள் அவர் குரல் மறுபடி வந்தது. "வாங்கங்கண்ணா."

எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். வாங்க என்றாலே மரியாதை, அதற்கு மேல் ஒரு 'ங்க' வேறு. "நேர்ல வந்தாத்தானுங்களா?" என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. பாஸ்வேர்டு பெரிய ரகசியம், போனில் சொல்லக்கூடாது போல, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் போல என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தொட்டியிலிருந்து இறங்கி, ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கேயோ பள்ளம் தோண்டியிருந்தார்கள். கேபிள் ஆபீஸ் போய்ச் சேரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. படியேறி உள்ளே போனேன். போனில் பேசிய அதே குரல்.

"வாங்க," என்றார் அந்தப் பெண். "உக்காருங்கண்ணா."

"உக்கார நேரமில்லீங்க. நீங்க வரச் சொன்னீங்கன்னு வந்துபோட்டேன். பாஸ்வேர்டு குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாங்க," என்றார்.

நான் அங்கேயே நின்றேன். அவரும் அப்படியே பார்த்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வந்து நின்ற ஆளிடம் இப்படிச் சொன்னால், கிளம்பு என்றுதானே அர்த்தம்?

"ஏனுங்க, வந்தவன வந்த காலோட போகச் சொல்றீங்களா? நாலு மணிக்கு எங்க ஊட்ல இன்டர்வியூ! பாஸ்வேர்டு வாங்காம நான் இங்கிருந்து நகர மாட்டேன்!" என்று பையிலிருந்த ரேஷன் கார்டை எடுத்து மேசைமேல் போட்டேன். அந்த ரேஷன் கார்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

"ஐயோ அண்ணா, பாஸ்வேர்டே அதானுங்க! வாங்க! எங்க ஓனரு எல்லாக் கனெக்சனுக்கும் அதையே போட்டுபோட்டாருங்க. நம்மகிட்ட வர்றவங்கள வாங்கன்னு கூப்புடோணுமல்ல, அதானுங்க. போன்லயே சொன்னேனுங்களே!"

ஆபீசில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. நான் ரேஷன் கார்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன். "வாரேனுங்க," என்றேன்.

"வாங்கண்ணா," என்றார்.

அது பாஸ்வேர்டா, வழியனுப்பா என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மனைவி அதே நாற்காலியில், அதே நேரான முதுகோடு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. நான் ஒன்றும் விளக்காமல் கீபோர்டை இழுத்து, கார்டு நம்பரை அடித்து, கீழே வி, ஏ, என், ஜி, ஏ என்று அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடி தவறு. மூன்றாவது தடவை, பாஸ்வேர்டை மறைக்காமல் திரையில் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் குத்தினேன். அதற்கும் அசையவில்லை.

"கெடுத்துபோட்டேன் அம்மணி," என்றேன். குரல் உடைந்துவிட்டது. "நெட் சென்டருக்கே போறேன்னு நீ சொன்னே. நான்தான் விடல. எல்லாம் என்னாலதான்."

"அழுதுக்கலாம், அப்பறம். பாஸ்வேர்டு என்னங்க?"

"வாங்க."

"எங்கீங்க வாரது? நேரமாச்சுங்க!"

"இல்ல அம்மணி! பாஸ்வேர்டே 'வாங்க'ங்கறதுதான்!"

அவள் நான் அடித்த இடத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு வருடமாகக் கேட்காத அந்த வகுப்பறைக் குரலில், "வா நெடிலுங்க," என்றாள். "நீங்க குறில் போட்டிருக்கீங்க. இது வாங்க இல்ல, வங்க. வங்காள விரிகுடாவா? ரெண்டு ஏ போடோணும்." என் கையைத் தள்ளிவிட்டு அவளே அடித்தாள். வி, ஏ, ஏ, என், ஜி, ஏ.

பெட்டி மறைந்தது. மூலையில் ஒரு சின்னக் குறி இரண்டு முறை மின்னி, நிலையாக நின்றது. இன்டர்நெட் வந்துவிட்டது. நான் குதித்தேன். நான் குதித்த அதிர்வில் பின்னால் இருந்த வயர் கழன்று விழுந்தது.

கட்டுவதற்கு நேரமில்லை. நான்கு மணிக்கு இரண்டு நிமிடம். நான் மேசைக்கு அடியில் போய், சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயரைக் கம்ப்யூட்டரின் பின்புறத்தில் வைத்து இரண்டு விரலால் அழுத்திக்கொண்டேன். என் முகத்துக்கு நேராக அவளுடைய கால்கள். பட்டுச் சேலைக்குக் கீழே பாத்ரூம் செருப்பு போட்டிருந்தாள்.

மேலே ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. கொஞ்ச நேரம் படிப்பு, அனுபவம் என்று கேட்டார்கள். பிறகு, "எட்டு வயசுக் குழந்தைக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லித்தரணும்னா எதைச் சொல்லித்தருவீங்க?" என்று அந்தக் குரல் கேட்டது.

"வாங்க," என்றாள் மனைவி, யோசிக்காமல். "வா அப்படின்னாலே போதும், ஆனா 'ங்க' சேர்த்தா அதுல மரியாதை வந்துரும். எங்க ஊர்ல வீட்டுக்கு வர்றவங்களையும் வாங்கன்னு சொல்லுவோம். கிளம்பறவங்களையும் வாங்கன்னுதான் சொல்லுவோம்."

"கிளம்பறவங்களை எதுக்கு வாங்கன்னு சொல்லணும்?"

"மறுபடி வரணும்னுதானுங்க. இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் இந்த ஒரு வார்த்தையைத் தேடி ரேஷன் கார்டோட ஊரெல்லாம் சுத்திட்டு வந்தாருங்க. வார்த்தை அவர் வாய்லயேதான் இருந்துச்சு."

ரேஷன் கார்டு விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பை திறந்திருந்ததோ என்னவோ. மேலே அந்தப் பெண் சிரித்தார், மனைவியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயர் ஆடும். உதட்டைக் கடித்துக்கொண்டேன். விரல் மரத்துப்போய், இடது கால் தூங்கி, ஒரு எறும்பு சட்டைக்குள் ஏறியும் நான் அசையவே இல்லை. என் வாழ்க்கையில் அவளுக்காக நான் ஒழுங்காகச் செய்த வேலை எது என்று கேட்டால் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் சொல்வேன்.

"திங்கட்கிழமைல இருந்து வகுப்பு எடுக்க முடியுமா?" என்று மேலே குரல் கேட்டது. செருப்புக்குள் அவளுடைய கால் விரல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மடங்கி விரிந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். "முடியுமுங்க," என்றாள், குரலில் ஒன்றுமே காட்டாமல்.

பிறகு சத்தம் இல்லை. முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. நான் வயரை விடவில்லை. மேசை விரிப்பு தூக்கப்பட்டு, அவள் முகம் தலைகீழாகக் கீழே வந்தது. பொட்டு கலைந்திருந்தது.

"வாங்க," என்றாள்.

"வி, ஏ, ஏ, என்..." என்று ஆரம்பித்தேன்.

"பாஸ்வேர்டு கேக்கலீங்க," என்று கையை நீட்டினாள். "உங்களத்தான் கூப்புட்டேன்."