நாலாவது ஆள்

ஆர்கன் கட்டைகளில் சுண்ணாம்பு வாசனை அடிக்கும்...

ஆம்பூரில் எங்கள் சர்ச்சில் என் அண்ணன் டேவிட் வாசித்துவிட்டு எழுந்த பிறகு மோந்து பார்த்தால் தெரியும். அவனுக்குத் தோல் ஃபேக்டரி லேபில் வேலை. என்ன சோப்பு போட்டுத் தேய்த்தாலும் சுண்ணாம்பில் ஊறுகிற தோலின் வாசனை விரலை விட்டுப் போகாது. முன் பெஞ்சு அம்மாக்கள் கர்ச்சீப்பை மூக்கில் வைப்பார்கள். வைத்துக்கொள்ளட்டும்! அவர்கள் வீட்டுச் சோறும் அந்த வாசனையில் வந்ததுதான்.

நான் அதே காம்பவுண்டில் ஷூ தைக்கிற செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பக்கம் திருப்புவேன். எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. அவன் தாடையை ஆட்டுவான், நான் திருப்புவேன்.

அந்த வருஷம் அவனுக்கு ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ஜெர்மன்காரர் ஆர்கனுக்காகவே எழுதிய இசை; ஃபேண்டசியா, ஃபியூக் என்று இரண்டு பாகம். ஈஸ்டருக்கு முழுசாக வாசித்தே தீருவேன் என்று பைத்தியமாய் அலைந்தான். ஃபேண்டசியா இடி மழை மாதிரி கொட்டும். அது சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. ஃபியூக்தான் பேஜார்.

"இன்னாண்ணா இது, சொன்னதையே சொல்லிக்கினு?"

"அப்டி இல்லடி. மொதல்ல ஒருத்தன் தனியா போறான். அதே பாட்ட எடுத்துக்கினு ரெண்டாவது ஆளு பின்னாடியே போறான். ரெண்டு பேரு போய்ட்டா மூணாவது ஆளு சும்மா நிப்பானா? அவனும் போவான்."

"நாலாவது?"

"அத கால்ல வாசிக்கணும். அதான் வர மாட்டேங்குது."

கீழே இருக்கிற பெடல் கட்டைகளை மிதித்து வாசிக்க வேண்டிய இடம் அது. தினமும் அங்கே வந்து தடுமாறுவான், "ச்சே!" என்று நிறுத்திவிடுவான். நான் கேட்டதெல்லாம் மூன்று பேர் வரைதான்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருந்தது. மத்தியான சாப்பாட்டு நேரம்...

கழிவுத் தொட்டியில் அடைப்பு. முனுசாமி இறங்கினார், மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க பாஷா பாய் இறங்கினார். அவரும் விழுந்தார். இரண்டு பேரும் அண்ணனோடு தினம் டீ குடிக்கிற தோஸ்த்துகள்.

அண்ணனுக்கு அங்கே வேலையே இல்லை. அதுவும் லேப் ஆள்... உள்ளே என்ன கேஸ் இருக்கும், எத்தனை மூச்சில் ஆள் சாய்வான் என்று அந்தக் காம்பவுண்டிலேயே நன்றாகத் தெரிந்தவன்.

அவனும் இறங்கினான்.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். தொட்டி விளிம்புக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் என் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். "வேணாம்மா! போனவங்க போதும்!"

மூன்று பேரையும் கயிறு கட்டித்தான் எடுத்தார்கள். "அவர யாரு எறங்கச் சொன்னது?" என்று சூப்பர்வைசர் என்னிடமே கேட்டார். அந்த ஆளை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி யாரும் கமெண்ட்டில் வசனம் போட வேண்டாம்.

இப்போது சர்ச்சில் கீபோர்டு. பட்டனை அழுத்தினால் பாதியை அதுவே வாசித்துவிடுகிறது. ஆர்கன் மேல் துணி போட்டுப் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். தொட்டிக்கு மூடி வந்துவிட்டதாம், மண்டையோடு வரைந்த போர்டும் வந்துவிட்டதாம். நான் சத்துவாச்சாரிக்குக் குடிவந்த பிறகு அந்தப் பக்கம் போவதே இல்லை.

நேற்று அண்ணனின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என் மகள் அதே ஃபியூக்கை ஃபோனில் தேடிப் போட்டாள். இத்தனை வருஷமாய் எனக்குத் தைரியம் வரவில்லை...

முதல் ஆள் வந்தான். இரண்டாவது ஆள் வந்தான். மூன்றாவது வந்தபோது அண்ணனின் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"நிறுத்திடட்டாம்மா?"

"வேணாம். ஓடட்டும்."

நாலாவது வந்தது. அடியிலிருந்து, ஒரு தடுமாற்றம் இல்லாமல். நாலு பேரும் சேர்ந்து கடைசி வரை போனார்கள். வாய்விட்டு அழுதேன்.

நாலாவதா நான்தாண்ணா வர்றதா இருந்தேன்... புடிச்சுக்கிட்டாங்க.