எண் இல்லாத இரண்டு நாள்

அக்காவிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. ஆனால் பிடிபட்டது அன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதுப் போன் வாங்கிக்கொண்டு, ஈப்போவில் நான் தனியாக இருக்கும் நாலாம் மாடி வீட்டுக்கு வந்தேன். என்னுடையது இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம். அட்டையை உருவி இன்னொரு போனில் போடுகிற மாதிரிதானே என்று நினைத்து, பழைய போனில் இருந்த இசிம்மை முதலில் அழித்துவிட்டேன். பிறகு புதுப் போனில் பழைய கியூஆர் கோட்டைக் காட்டினால், அது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது, செல்லாது என்று வந்தது. அடையாள அட்டையோடு கடைக்குப் போனால் புதிது தருவார்களாம்.

மறுநாள் எனக்கு விடுமுறை. கடை இருக்கும் பேரங்காடி காரில் பத்து நிமிடம். நான் போகவில்லை.

அக்கா ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் பீடோரில் ஒரு கொய்யாத் தோட்டத்தில் பழங்களைத் தரம் பிரிக்கிறாள். மாமா இறந்த பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு என்னைக் கூப்பிடுவாள். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் திட்டியது, முட்டி வலி, பக்கத்து வீட்டு நாய் என்று அரை மணி நேரம் ஓடும். அவளிடம் இருப்பது பட்டன் போன். வீட்டு வைஃபை இருந்ததால் மற்றவர்கள் எல்லோரும் வாட்சாப்பில் என்னைப் பிடித்துவிட்டார்கள். அவளால் மட்டும் முடியாது. அது தெரிந்தேதான் படுத்துக்கொண்டு படம் பார்த்தேன். மத்தியானம் ஒரு மணி அமைதியாகக் கடந்து போனது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோழியோடு வெளியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, என் வீட்டு வாசல் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பை. எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"ஏன்டி, போன் என்னாச்சு? ரெண்டு நாளா அடிக்கிறேன், போவவே மாட்டேங்குது. பாத்ரூம்ல கீழ விழுந்துட்டியோன்னு நெனச்சேன்."

"லைன் பிரச்சனைக்கா. நேத்து போனேன், கடை மூடிட்டான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தனியா இருக்கிற பொம்பளப்புள்ள, ஒண்ணுன்னா யாரக் கூப்புடுவா? வா லா, நானே போய்க் கேக்குறேன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வீங்கிய முட்டியோடு, பையையும் விடாமல், ஏறி வந்த அத்தனை படியும் இறங்கினாள்.

கடைக் கவுண்டரில் இருந்தவளும் ஒரு தமிழ்ப் பெண். அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமைல கடைய மூடிட்டா நாங்க என்னம்மா பண்றது?"

"நேத்தும் தொறந்துதான்க்கா இருந்துச்சு. ராத்திரி பத்து மணி வரைக்கும் நான்தான் இருந்தேன். இது அஞ்சு நிமிசத்து வேலக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தேன். அந்தப் பெண் என் அடையாள அட்டையை வாங்கிப் புதுக் கியூஆர் கோட்டைக் கொடுத்தாள். லைன் வந்ததும், தவறிய அழைப்புகளின் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அத்தனையும் அக்காவின் எண். அவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாயிருச்சுல்ல. என்னைப் பஸ்ல ஏத்தி விட்டுரு."

பஸ் வேண்டாம் என்று நானே காரில் அழைத்துப் போனேன். வழியில் கம்பார் ஊர் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"தொல்லையா இருந்தா சொல்லியிருக்கலாம்லா."

"அப்படி இல்லக்கா..." என்றேன். அப்படித்தான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

பீடோரில் அவள் வீட்டு முன்னால் பையை இறக்கிக் கொடுத்தேன். கனமாக இருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"மாத்துத் துணிதான். நீ காய்ச்சல்ல கெடப்பேன்னு நெனச்சு மண்டோர்கிட்ட நாலு நாள் லீவு கேட்டுட்டு வந்தேன். பாத்து ஓட்டிட்டுப் போ."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசலில் நின்றேன். அவள் விளக்கைப் போட உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் போனில் கேட்டேன். "விடுடி, அதையே பேசிக்கிட்டு" என்றாள்.

இப்போதும் கூப்பிடுகிறாள், தினமும் இல்லை. எடுத்தவுடன் "வேலையா இருக்கியா பாப்பா, அப்புறம் கூப்புடவா?" என்று கேட்கிறாள். முன்பெல்லாம் அப்படிக் கேட்டதே இல்லை.